ராமநாதபுரம் கடற்கரையில் தூண்டில் விடுமுறை: பாம்பனா, மண்டபமா, கீழக்கரையா, காரங்காடா?

“ஆளில்லாத ஒரு சின்னத் தீவு, ஒரு கூடாரம், நாலு நாள் தூண்டில், பிடித்த மீனை அங்கேயே சுட்டுச் சாப்பிட வேண்டும். ராமேஸ்வரம் பக்கம் எந்தத் தீவு நல்லது?” பள்ளிக்கூட லீவு நெருங்கினாலே இந்தக் கேள்வி மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்துவிடும். ஆசை நியாயமானதுதான். ஆனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அப்படிக் கூடாரம் போட்டுத் தங்கும் தீவு இந்தக் கரையில் கிடையாது.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. முயல் தீவு, மனோலி, அப்பா தீவு, தலையாரி என்று வீடியோவில் பார்த்து நீங்கள் ஆசைப்பட்டது அனேகமாக இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அனுமதியில்லாமல் அங்கே இறங்கக் கூடாது. தீவின் மணல் மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலும் பூங்காவில் சேர்த்திதான். “ராத்திரியோடு கொண்டுபோய் விட்டுவிடுகிறேன், யாருக்கும் தெரியாது” என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பவளப்பாறையிலும் கடற்புல்லிலும் வளர்கிற மீன்தான் பிறகு கரைப்பக்கம் வந்து நம் தூண்டிலில் ஏறுகிறது. அங்கே கைவைத்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடும்.

குருசடைத் தீவுக்கு வனத்துறையே பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து படகில் அழைத்துப்போய்க் காட்டுகிறது. அது பார்த்துவிட்டுத் திரும்புகிற பயணம். தூண்டிலை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கச்சத்தீவு 1974 ஒப்பந்தப்படி இலங்கையுடையது. அந்தோணியார் திருவிழாவுக்கு அரசு ஏற்பாட்டில் போய்வரலாமே தவிர, மீன்பிடி விடுமுறைக்கு அந்தப் பெயரை எடுக்கவே வேண்டாம்.

ஆக, தீவில்தான் தங்க வேண்டும் என்றால் நமக்கு இருப்பது ராமேஸ்வரம் ஊர் இருக்கும் பாம்பன் தீவு ஒன்றுதான். தீவு என்ற பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் மண்டபம், கீழக்கரை, காரங்காடு என்று இன்னும் மூன்று வழிகள் உண்டு.

## எதை வைத்து முடிவு செய்வது

காற்று. மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். பாக் விரிகுடாப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வடகடல் ஆழம் குறைவு, வருஷத்தில் பெரும்பகுதி அலையே இல்லாமல் கிடக்கும். தென்கடல் சீக்கிரம் ஆழமாகும், பார்கள் (கடலடிப் பாறைத் திட்டுகள்) நிறைய, மீன் வகையும் அதிகம். மே பாதியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்தால் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிக்கும். அப்போது வடகடல் ஓரளவு அடங்கி இருக்கும். அக்டோபரில் வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, தொடங்கினால் கதை தலைகீழ். வடகடல் கலங்கி, கரையெல்லாம் கடற்புல் ஒதுங்கிக் கிடக்கும்; தென்கடல் கொஞ்சம் அமைதியாகும். புயல் மாதங்களும் அவைதான் என்பதால் நவம்பர், டிசம்பரில் திட்டமே போடாமல் இருப்பது நல்லது. இரண்டு கடலும் ஒருசேர அமைதியாக இருப்பது ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் பாதி வரை. உங்கள் லீவு எந்த மாதம் என்பதே உங்கள் ஊரைப் பாதி முடிவு செய்துவிடும்.

கரையிலிருந்தே மீன் கிடைக்குமா. படகை நம்பியே திட்டம் போட்டால், காற்று கெட்ட நாளில் அறையில் உட்கார வேண்டியதுதான். கரைத் தூண்டிலுக்கு இடம் இருக்கிற ஊரில் அந்த நாளும் வீண்போகாது.

படகு. நாட்டுப்படகின் பதிவு மீன் பிடிக்கத்தான், பயணிகளை ஏற்ற அல்ல. கடலுக்குப் போகிறவர் மீனவர் அடையாள அட்டையோடு போவார். உங்களிடம் அது இருக்காது. இலங்கையுடனான கடல் எல்லைக்கோடு பக்கத்திலேயே இருப்பதால் கடலோரக் காவல் படையும் மெரைன் போலீஸும் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். பயணிகளை ஏற்ற அனுமதி இருக்கிறதா, எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கும் நேரான பதில் வராத படகில் ஏறாதீர்கள்.

சமையல். பலர் யோசிக்காமல் விடுவது இதைத்தான். பிடித்த மீனை எங்கே கழுவுவது, யார் சமைப்பது? லாட்ஜ் குளியலறையில் மீன் கழுவினால் மேனேஜர் வந்து நிற்பார்.

கூட வருகிறவர்கள். தூண்டில் போடுகிறவர் ஒருவர், மற்ற மூன்று பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்றால் அவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

## பாம்பன் தீவு

நான் முதலில் சொல்வது இதைத்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு: ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றி அறை எடுக்காதீர்கள். பாம்பன் ஊரிலோ தங்கச்சிமடத்திலோ தங்குங்கள். கோயில் பக்கத்து விடுதிகள் யாத்திரை வருகிறவர்களுக்கானவை. அங்கே மீனோடு உள்ளே போவது மரியாதையும் இல்லை, பல இடங்களில் விடவும் மாட்டார்கள். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் அறை கிடைப்பதே பாடு, கிடைத்தாலும் வாடகை எகிறிவிடும். அந்தத் தேதிகளைக் காலண்டரில் பார்த்து ஒதுக்கிவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். பாம்பனும் தங்கச்சிமடமும் மீனவ ஊர்கள். மீனைக் கொண்டுபோய்க் கொடுத்தால் குழம்பு வைத்துத் தர ஒரு வீடோ சின்னச் சாப்பாட்டுக் கடையோ விசாரித்தால் கிடைத்துவிடும்.

பாம்பனின் பெரிய வசதி, இரண்டு கடலும் ஒரே ஊரில் இருப்பது. காலையில் வடக்குப் பக்கம் கலங்கியிருந்தால் ஆட்டோ பிடித்துத் தெற்குப் பக்கம் போய்விடலாம். குந்துகால் பக்கம் தென்கடல், ஓலைக்குடா பக்கம் வடகடல். இந்த மாவட்டத்தில் வேறெந்த ஊரிலும் காற்றை இவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது. நாலு நாள் லீவில் இரண்டு நாள் காற்று மாறினாலும் தூண்டில் தண்ணீரில்தான் இருக்கும்.

கரைத் தூண்டிலில் இங்கே எதிர்பார்க்கக் கூடியவை கிழங்கான், ஓரா, சின்னப் பாறை, முரல், அதிர்ஷ்டம் இருந்தால் ஊளி. மணல் தரையில் கிழங்கானுக்கு ராடு, ரீல் எதுவும் வேண்டாம். மெல்லிய தங்கூஸ் (நைலான்) நரம்பு, சின்ன தூண்டில் முள், விரல்நுனி அளவு ஈயம், தோலுரித்த இறால் துண்டு போதும். நரம்பை ஆட்காட்டி விரலின் முதல் மடிப்பில் போட்டு, கட்டைவிரலால் லேசாக அணைத்துப் பிடியுங்கள். கிழங்கான் முதலில் இரண்டு தடவை தட்டும். அதில் இழுக்கக் கூடாது. மூன்றாவதாக நரம்பு ஒரே சீராக விரலை விட்டு நகரும். அப்போது மணிக்கட்டை மட்டும் திருப்பினால் போதும், முள் ஏறிவிடும். பக்கத்தில் தெர்மாகோல் மிதவையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்களின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே இது பிடிபட்டுவிடும். அந்த மிதவையில் நீங்கள் ஏறக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாம்பன் பாலத்துக்குக் கீழே ஓடும் நீவாடு (நீரோட்டம்) பழகாதவரை நொடியில் இழுத்துக்கொண்டு போகும்.

தனுஷ்கோடியில் தூண்டில் போடலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேரும் இடத்தில் சுழல் மோசம், இறங்கியவர்கள் திரும்பாத கதைகள் உண்டு. சாயங்காலத்துக்குப் பிறகு அங்கே இருக்க விடவும் மாட்டார்கள். 2025 ஜூனில் தனுஷ்கோடியின் ஒரு பகுதி பூநாரைச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டுவிட்டது. 1964 புயலில் இடிந்த தேவாலயத்தைப் பாருங்கள், குடிசைக் கடையில் மீன் வறுவல் சாப்பிடுங்கள், திரும்பிவிடுங்கள். கூட வந்தவர்களுக்கு அந்த ஒரு நாள் போதும்.

ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போவது வழக்கம். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகுகள் மறுநாள் காலை கரை திரும்பும் என்பதால் செவ்வாய், வியாழன், ஞாயிறு விடிகாலை ஏலம் பார்க்க நல்லது. இறாலும் கணவாயும் இரைக்கு அங்கேயே மலிவாகக் கிடைக்கும். தங்கச்சிமடம் பக்கம் ஞாயிறு காலை தேவாலயப் பூசை நேரம், அப்போது யாரையும் படகுக்குக் கூப்பிடாதீர்கள்.

*யாருக்கு:* முதல் தடவை வருகிறவர்களுக்கு, லீவு மாதத்தை மாற்ற முடியாதவர்களுக்கு, கோயிலும் பார்க்க வேண்டும் என்கிற பெற்றோரோடு வருகிறவர்களுக்கு.

## மண்டபம், அரியமான், பிரப்பன்வலசை

பாலத்துக்கு இந்தப் பக்கம், வடகடலோரம். சின்னக் குழந்தைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இங்கேதான். அரியமான் கடற்கரையில் வெகுதூரம் வரை முழங்கால் அளவுதான் தண்ணீர். பிரப்பன்வலசையில் துடுப்புப் படகு ஓட்டலாம், கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் பார்க்கலாம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகம் இருக்கிறது. தூண்டிலில் வரப்போகிற மீனைக் குழந்தைக்கு முதலில் அங்கே காட்டிவிடலாம்.

தூண்டில்காரருக்கு இது சுமாரான இடம்தான். தண்ணீர் ஆழமில்லாததால் பெரிய மீன் கரைக்கு வருவது குறைவு. கிழங்கான், காரல், சில நேரம் நண்டு. கரையோரம் நெடுக மூங்கில் மிதவைகளில் கடல்பாசி வளர்க்கிறார்கள். தூண்டில் அதில் மாட்டினால் உங்களுக்கு முள் நஷ்டம், அந்த வீட்டுப் பெண்களுக்குப் பிழைப்பு நஷ்டம். மிதவை தெரிகிற இடத்தைத் தாண்டிப் போய்ப் போடுங்கள். சொறி (ஜெல்லி மீன்) ஒதுங்கும் நாட்களில் குழந்தைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம், கரையில் நிற்கும் மீனவரிடம் “சொறி கிடக்கா?” என்று ஒரு வார்த்தை கேட்டாலே சொல்லிவிடுவார்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை லீவு என்றால் பாம்பனுக்கு அடுத்து இதுதான் சரி. வாடை மாதங்களில் வேண்டவே வேண்டாம்.

*யாருக்கு:* குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு. மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்கிறவர்களுக்கு.

## கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம்

தூண்டில் கையில் பழகியவர்கள், பெரிய மீன்தான் வேண்டும் என்கிறவர்கள் இந்தத் தென்கடற்கரையைப் பார்க்கலாம். பார்மீன்கள் இங்கேதான்: விளமீன், களவா, செப்பிலி, பாறை. ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை அரை மணி நேரம்தான் என்பதால் ரயிலில் வந்து இறங்கினாலும் சிரமமில்லை. சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கீழக்கரை பிரியாணியும் தொதல் இனிப்பும் தூண்டிலையே மறக்கடித்துவிடும்.

மறைந்திருக்கும் சங்கடங்கள் மூன்று. ஒன்று, தங்குமிடம் குறைவு. பலர் ராமநாதபுரத்தில் அறை எடுத்துவிட்டு விடிகாலையில் வண்டி பிடிக்கிறார்கள். அந்த வண்டிச் செலவும் தூக்கமும் கணக்கில் வராமலே போகும். ஏர்வாடியில் விடுதிகள் உண்டு, ஆனால் அவை தர்காவுக்கு நேர்த்திக்கடனோடு வருகிறவர்களுக்கானவை. தர்காவின் சந்தனக்கூடு திருவிழா சமயத்தில் ஊருக்குள் நுழைவதே கஷ்டம். வெள்ளிக்கிழமை மதியம் கீழக்கரையில் கடைகள் அடைத்திருக்கும், இரையும் ஐஸும் காலையிலேயே வாங்கிவிட வேண்டும். இரண்டாவது, பாரில் முள்ளும் ஈயமும் மாட்டிக்கொண்டே இருக்கும். பாம்பனில் ஒரு நாளைக்கு ஆகும் ஈயத்தைப் போல இங்கே சில மடங்கு கையிருப்பு வேண்டும். மூன்றாவதுதான் பெரியது: நல்ல பார்கள் பல தீவுகளை ஒட்டியே இருக்கின்றன. படகுக்காரர் மீன் கிடைக்கட்டுமே என்று பூங்கா எல்லைக்குள் கொண்டுபோய்விட்டால் வழக்கு உங்கள் மேலும் வரும். புறப்படும் முன்பே “தீவுப் பக்கம் வேண்டாம் அண்ணே, மீன் குறைஞ்சாலும் பரவாயில்லை” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

கச்சான் மாதங்களில் இந்தக் கரைக்கு வருவது வீண். பிப்ரவரி, மார்ச் அருமை.

*யாருக்கு:* அனுபவசாலிகள் இரண்டு மூன்று பேராக, குடும்பம் இல்லாமல் வரும்போது.

## காரங்காடு, தொண்டி

காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி நடத்துகிறார்கள். ஊர்ப் பெண்கள் சமைக்கும் கடல் சாப்பாட்டுக்காகவே ஒரு தடவை போகலாம். ஆனால் அது காடும் பறவையும் பார்க்கிற இடம். அலையாத்திக்குள் தூண்டில் போட வேண்டாம். தொண்டிப் பக்கம் போனால் கரையில் மடவையும் நண்டும் உண்டு. மூன்று நான்கு நாள் தங்கித் தூண்டில் போடுமளவுக்கு இங்கே விஷயமில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர்கள் வழியில் ஒரு பகல் இறங்கிவிட்டுப் போகலாம்.

## ஒரே பார்வையில்

| | பாம்பன் | மண்டபம், அரியமான் | கீழக்கரை, வாலிநோக்கம் | காரங்காடு |
|---|---|---|---|---|
| நல்ல மாதம் | ஜனவரி கடைசி – ஏப்ரல்; மற்ற மாதங்களில் கரையை மாற்றிக்கொள்ளலாம் | பிப்ரவரி – செப்டம்பர் | ஜனவரி கடைசி – ஏப்ரல் | ஜனவரி – மார்ச் |
| கரைத் தூண்டில் | நன்று | சுமார் | பழகியவருக்கு நன்று | குறைவு |
| மீன் சமைக்க | விசாரித்தால் கிடைக்கும் | முன்கூட்டிப் பேச வேண்டும் | சிரமம் | ஊர்ச் சாப்பாடே போதும் |
| மறைவான செலவு | அமாவாசை வாடகை, ஆட்டோ | குறைவு | வண்டி, ஈயம், முள் | வழிப்பயணம் |
| கூட வருகிறவர்களுக்கு | கோயில், தனுஷ்கோடி | ஆழமில்லாத கடல் | சாப்பாடு | படகுச் சவாரி |

## ஏப்ரல், மே லீவு என்றால்

பெரும்பாலோருக்கு அப்போதுதான் லீவு கிடைக்கும் என்பதால் தனியாகச் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை. கரைத் தூண்டிலுக்கு இதனால் பாதிப்பு எதுவும் இல்லை. ஆனால் மீன் விலை ஏறியிருக்கும், நாட்டுப்படகுக்காரருக்கு வருஷத்தில் நாலு காசு பார்க்கும் காலம் அது. தொழிலை விட்டுவிட்டு உங்களை அழைத்துப்போக அவர் ஒரு நாள் வருமானத்தைத்தான் கேட்பார். கேட்பது நியாயம், பேரம் பேசாதீர்கள். முடியாதென்றால் அந்த இரண்டு மாதங்களில் கரைத் தூண்டிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மே பிறந்துவிட்டால் தென்கடலை மறந்துவிட்டு, பாம்பன் வடக்குக் கரை அல்லது அரியமான் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

## எந்த ஊர் என்றாலும் பொதுவான சில

ஐஸுக்குத் தெர்மாகோல் பெட்டி வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள். குடிநீர் கேனுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்குங்கள், தீவில் நல்ல தண்ணீர் எப்போதும் தட்டுப்பாடுதான். வெயிலை இளக்காரமாக நினைக்க வேண்டாம். பத்து மணிக்கு மேல் மீனும் கடிக்காது, தலையும் தாங்காது. விடியற்காலையும் சாயங்காலமுமே தூண்டில் நேரம்.

தூண்டிலில் வருவதையெல்லாம் கையால் பிடிக்காதீர்கள். ஓராவின் முதுகு முள்ளும் கெளுத்தியின் பக்க முள்ளும் குத்தினால் கை விண்விண்ணென்று தெறிக்கும். பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் கையை வைத்திருந்தால் வலி தணியும். திருக்கை குத்தினால் உடனே ஆஸ்பத்திரிதான். வயிறு உப்பிக்கொள்ளும் பேத்தை வந்தால் யார் என்ன சொன்னாலும் சமைக்கக் கூடாது, அதன் விஷம் சமையலில் போகாது. கடல் ஆமை, கடல்குதிரை, கடல் அட்டை எதுவானாலும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. மாட்டினால் பக்குவமாக எடுத்துத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். பவளத் துண்டு கரையில் கிடந்தாலும் பையில் போடாதீர்கள். அறுந்த நரம்பை மட்டும் மறக்காமல் பையில் சுருட்டிக்கொண்டு வாருங்கள், கரையில் விட்டால் அது ஆமைக் கழுத்தில்தான் போய் முடியும்.

கரையில் நண்டு வலை விட்டிருந்தால் மிதவை தெரியும். அதன்மேல் தூண்டிலை எறிந்து வலையைக் கிழித்துவிட்டால், வலைக்காரர் சொல்கிற தொகையைக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேளுங்கள். அந்த ஊரில் அடுத்த மூன்று நாளும் உங்களுக்கு இடம் சொல்லப்போவது அவரேதான்.

பதிவு செய்யும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் மாதம், பிறகு அதற்கேற்ற கரை, அதற்குப் பிறகு சமைத்துத் தரும் இடம், கடைசியாக அறை. ரயிலில் வருகிறவர்களுக்கு மண்டபம், பாம்பன் இரண்டிலும் நிலையம் உண்டு. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு தீவுக்குள் ரயில் மறுபடி ஓடுகிறது. உங்கள் ரயில் எந்த நிலையத்தில் நிற்கும் என்று டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள். புறப்படும் முந்தின நாள் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் தேதியைத் தள்ளிவையுங்கள், சமைக்கச் சொன்ன வீட்டுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.